எனக்கு வருமா வராதா, அத சொல்லு மக்கா

நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை ஊறிப்போய்க் கெடக்கு. வாயில போடுற குளிகைன்னா கெமிக்கல், கிட்னியக் கெடுக்கும். ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டுவர்ற விலை கூடுன ஊசி இருக்கே, அது புரதம், உடம்புல ஏற்கெனவே இருக்குறதுதான், அதுக்கு சைடு எஃபெக்ட் கிடையாதுன்னு. மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல கேட்டிருக்கேன், கல்யாண வீட்டுப் பந்தியில கேட்டிருக்கேன், நல்லா படிச்ச ஆளுங்க வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்ணியும் வந்திருக்கு. நான் பெங்களூர்ல ஒரு லேப்ல வேலை பாக்குறேன், புரத மருந்து போட்டவங்க ரத்தத்துல அந்த மருந்துக்கு எதிராவே ஆன்டிபாடி, அதாவது அந்நியப் பொருளப் புடிக்க உடம்பு செய்யுற புரதம், உருவாகியிருக்கான்னு பாக்குறதுதான் எங்க வேலை, அதனால இந்தப் பேச்சு காதுல விழுந்தா சும்மா இருக்க முடியாது. ஆனா இப்பம் எழுத உக்காந்ததுக்குக் காரணம் எனக்க அக்கா கேட்ட ஒரு கேள்வி. அது மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதினாலாவது ஒரு வழிக்கு வருதான்னு பாக்குறேன்.

முதல்ல அந்த நம்பிக்கைய ஒரு கை பாத்துட்டுப் போயிரலாம். புரதம்ங்குறதாலதான் உடம்பு அதக் கவனிக்கவே செய்யுது. சின்ன கெமிக்கல் மருந்துகள இம்யூன் சிஸ்டம் பெரும்பாலும் கண்டுக்காது. புரதம் பெருசு, கிருமியோட மேல இருக்குறதும் புரதம்தான், அதனால உள்ள வர்ற புரதத்தத் துண்டு துண்டா நறுக்கி, ஹெச்.எல்.ஏ.ங்குற மூலக்கூறுல ஏத்தி, டி செல்ங்குற காவல்கார ரத்த அணுவுக்குக் காட்டி இது நம்ம ஆளா வெளி ஆளான்னு பாக்குறது உடம்போட அன்றாட வேலை. இந்த ஹெச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் மாறும், அதனாலதான் ஒரே மருந்து ஒருத்தருக்கு வருசக் கணக்கா ஒத்துப்போகுது, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஆறு மாசத்துல கேக்காம போயிருது. 1922 ஜனவரி 11ஆம் தேதி டொராண்டோவுல லியோனார்ட் தாம்சன்னு 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டாங்க, மாட்டுக் கணையத்துல இருந்து எடுத்த சாறு, சுத்தம் போதாம ஊசி போட்ட எடத்துல கட்டி வந்து நிறுத்திட்டாங்க. கோலிப்னு ஒரு பயோகெமிஸ்ட் அத இன்னும் சுத்தம் பண்ணிக் கொடுத்த பெறகு 23ஆம் தேதி மறுபடி போட்டாங்க, பையன் பொழச்சான். அதுக்கப்புறம் அறுபது வருசம் மாட்டு இன்சுலினும் பன்னி இன்சுலினும்தான். மாட்டோட இன்சுலின் மனுச இன்சுலின்ல இருந்து மூணே மூணு அமினோ அமிலத்துல மாறுது, பன்னியோடது ஒண்ணே ஒண்ணுல. அந்த வித்தியாசத்துக்கும், கூட வந்த அழுக்குக்கும் சேத்து, போட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆன்டிபாடி வந்துச்சு. 1982ல மனுச இன்சுலினயே பாக்டீரியாவுல உண்டாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தாங்க, ஆன்டிபாடி குறைஞ்சுது, அத்துப் போகல. அச்சு அசலா மனுச புரதம், இருந்தும் வருது.

அக்காவுக்க கேள்வி

அக்கா அருமனைப் பக்கம் இருக்கா. அத்தானுக்கு ரப்பர் பால் வெட்டு. அக்காவுக்கு முடக்குவாதம் வந்து கொஞ்ச காலம் ஆச்சு, காலத்த எழும்பினா விரல் மடங்காது, தேங்கா துருவ முடியாது, சேலை கொசுவம் புடிக்கவே பிள்ளையக் கூப்பிடணும். குளிகையில நிக்காம திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர் அடாலிமுமாப் எழுதிக் கொடுத்தார், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 40 மில்லிகிராம், வயித்துத் தோலுக்கடியில போடுற ஊசி. கூட வாரத்துல ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் குளிகை, அதுக்குத் துணையா ஃபோலிக் ஆசிட். மூட்டுல நெருப்பு வைக்குற டி.என்.எஃப்.ங்குற பொருளப் புடிச்சு அடக்குறதுக்குன்னே செஞ்ச ஆன்டிபாடி அது. மூணாவது ஊசியிலயே அவளுக்கு நல்ல மாத்தம், ஃபோன்ல குரலே வேற மாதிரி இருந்துச்சு.

நான் என்ன வேலை பாக்குறேன்னு அவளுக்குத் தெரியும், அதனால ஒருநாள் கேட்டா. "இந்த ஊசி கொஞ்ச நாள்ல கேக்காம போவும்னு சொல்லுகாவளே, நெசமா?" நான் நம்பர் சொல்ல ஆரம்பிச்சேன். அமெரிக்காவுல அந்த மருந்தோட லேபிள்ல ஆரம்பத்துல போட்டிருந்தது சுமார் 5 சதவீதம். 2011ல நெதர்லாந்துல 272 பேர மூணு வருசம் தொடர்ந்து பாத்த ஆராய்ச்சியில 28 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி வந்துச்சு, வந்தவங்கள்ல நெறய பேருக்கு மருந்து சரியா கேக்கல. இதச் சொல்லி முடிக்குறதுக்குள்ள அவ குறுக்க விழுந்தா. "நூத்துக்கு எத்தர பேருன்னு நான் கேக்கல. எனக்கு வருமா வராதா, அத சொல்லு மக்கா."

அந்தக் கேள்விக்கு நேரா ஒரு பதில் எந்த ஆபீஸ்லயும் இல்ல. நாங்க எழுதுற ரிஸ்க் அசெஸ்மென்ட் பக்கம் பக்கமா போகும், அதுல அக்கா மாதிரி ஒரு ஆள் கிடையாது, கூட்டம்தான் உண்டு. 5 எங்க, 28 எங்க, இதுல எது நெசம்னு அவ கேட்டிருந்தா அதுக்காவது பதில் சொல்லியிருப்பேன், ஏன்னா அது எங்க மேசையில நடக்குற சமாச்சாரம். நாங்க பண்ணுற டெஸ்டுல, ஆன்டிபாடிக்கு ரெண்டு கை இருக்குறதால, ஒரு கையில தட்டுல ஒட்டி வச்ச மருந்தப் புடிக்கும், இன்னொரு கையில வெளிச்சம் காட்டுற மருந்தப் புடிக்கும், ரெண்டையும் புடிச்சு நின்னாதான் 96 குழி இருக்குற அந்தத் தட்டுல அந்தக் குழி ஒளிரும். இப்பம் பாருங்க, நோயாளி ரத்தத்துல மருந்து நெறய மிதந்துச்சுன்னா ஆன்டிபாடியோட ரெண்டு கையும் அதப் புடிச்சுக்கிட்டு நிக்கும், நம்ம தட்டுல வந்து ஒட்டாது, ரிசல்ட் இல்லன்னு வரும். ஆசிட் ஊத்திப் பிரிச்சுப் பாத்தா அங்கதான் இருக்கும். பழைய டெஸ்டுகள் இதுல நெறய கோட்டை விட்டுச்சு. அதுக்கும் மேல, முதல் கட்ட டெஸ்டுல ஒரு ஆளையும் தவற விட்டுரக் கூடாதுன்னு, சுத்தமா ஆன்டிபாடி இல்லாதவங்கள்லயே 5 சதவீதம் பேரு மாட்டுற மாதிரி வேணும்னே கோட்டத் தாழ்த்திப் போடுறோம், அடுத்த கட்டத்துல அவங்கள வடிகட்டுவோம், அதுக்கப்புறம்தான் அளவு எவ்வளவு, அது மருந்தோட வேலையத் தடுக்குதா சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குதான்னு பாக்குறது. அதனால ஒரு கம்பெனி மருந்துல 5ன்னும் இன்னொண்ணுல 28ன்னும் போட்டிருந்தா முதல் மருந்து நல்லதுன்னு அர்த்தம் பண்ணக் கூடாது. வேற டெஸ்டு, வேற ஆளுங்க, வேற காலம். நோட்டீஸ்ல சதவீதம் போட்டு நம்ம மருந்துதான் சுத்தம்னு காட்டுற விளம்பரத்தப் பாத்தா எனக்குக் கோவம் வரும்.

முழுக்க மனுச ஆன்டிபாடிக்கே ஏன் எதிர்ப்பு வருதுன்னா, அதோட உடம்பெல்லாம் நம்ம உடம்புல இருக்குற மாதிரிதான், டி.என்.எஃப்.பப் புடிக்குற நுனி மட்டும் புதுசு. அந்த நுனிய அக்காவோட உடம்பு பொறந்ததுல இருந்து பாத்ததில்ல. அடாலிமுமாப்புக்கு எதிரா வர்ற ஆன்டிபாடி அநேகமா அந்த நுனியிலதான் வந்து உக்காருது, அதனாலதான் மருந்து வேலை செய்யாம போகுது.

வந்தா என்ன போகும்

வருமா வராதாங்குறது பாதிக் கேள்விதான். வந்தா என்ன போகும்ங்குறது மறுபாதி, எங்க வேலையில அதுக்குத்தான் எடை அதிகம், வெளியில இருக்குறவங்க அதக் கேக்கவே மாட்டாங்க. இன்சுலின் ஆன்டிபாடி எத்தனையோ பேருக்கு வந்துச்சு, பெரும்பாலானவங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகல, அப்படியே போட்டுக்கிட்டு வாழ்ந்தாங்க. போகோசிசுமாப்னு கொலஸ்ட்ராலுக்கு ஒரு ஊசி, ஃபைசர் கம்பெனி ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்டுப் பாத்துச்சு, ஒரு வருசத்துல 48 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி, கொலஸ்ட்ரால் கொறஞ்சது சிலருக்கு மறுபடி ஏற ஆரம்பிச்சுது, 2016ல கம்பெனியே நிறுத்திருச்சு. ஆன்டிபாடியால பெருசாப் போனது மருந்தோட பலன்தான், கொலஸ்ட்ராலுக்கு வேற மருந்து இருக்கு.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் எரித்ரோபொய்டின். கிட்னி போனவங்களுக்கு ரத்தம் ஊற வைக்குற ஊசி, டயாலிசிஸ் பண்ணுற குடும்பங்களுக்கு இந்தப் பேர் நல்லாத் தெரியும். இது நம்ம கிட்னி சுரக்குற ஹார்மோனோட நகல். 1998ல ஐரோப்பாவுல விக்குற எப்ரெக்ஸ்ங்குற பிராண்டோட கலவைய மாத்துனாங்க, மாத்துனது நல்ல எண்ணத்துலதான், மாட்டுக் கிறுக்கு நோய் மனுச ரத்தம் வழியாவும் பரவிருமோன்னு பயம் இருந்த காலம், அதனால மனுச ரத்தத்துல இருந்து எடுக்குற ஆல்புமின்ங்குற புரதத்தத் தூக்கிட்டு பாலிசார்பேட் 80ங்குற கெமிக்கல சேத்தாங்க. மருந்துப் புரதத்துல ஒரு மாத்தமும் இல்ல. 2002ல பிரான்ஸ்ல இருந்து 13 நோயாளிகளப் பத்தி ஒரு கட்டுரை வருது, எலும்பு மஜ்ஜையில செவப்பணு ஊறுறதே நின்னு போச்சு. மருந்துக்கு எதிரா வந்த ஆன்டிபாடி, அவங்க உடம்புல மிச்சம் மீதி சுரந்துக்கிட்டு இருந்த சொந்த எரித்ரோபொய்டினயும் சேத்து அழிச்சிருச்சு. அதுக்கு மாத்தா உடம்புல வேற ஹார்மோன் கிடையாது. மருந்த நிறுத்துனாலும் உடனே சரியாகல, ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். வேற நாடுகள்லயும் சேத்து நூறுக்கு மேல ஆட்கள். போட்டுக்கிட்ட லட்சக்கணக்கான பேர்ல இது ரொம்ப ரொம்பக் கொஞ்சம், நூத்துக்கு எத்தனைன்னு கேட்டா சைபர்னு எழுதிட்டுப் போயிரலாம். ஆனா வந்தவனுக்குப் போனது என்னன்னு பாத்தா இந்தத் துறையே நடுங்கிப் போச்சு.

எதனால வந்துச்சுன்னு தேடினதுல ஒரு பலமான சந்தேகம் ஊசிக் குழாயில இருக்குற ரப்பர் அடைப்பான் மேல. புதுசா சேத்த பாலிசார்பேட், பூச்சு இல்லாத அந்த ரப்பர்ல இருந்து சில பொருள்களக் கரைச்சு மருந்துக்குள்ள இழுத்துவிட்டு, அது இம்யூன் சிஸ்டத்த உசுப்பிவிட்டிருக்கலாம்னு கம்பெனிக்காரங்களே சொன்னாங்க. வேற விளக்கமும் உண்டு, தோலுக்கடியில போட்டதால, குளிர்ச்சி சரியா காக்காததால, புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டதால. அடைப்பானுக்குப் பூச்சு போட்டாங்க, கிட்னி நோயாளிகளுக்கு நரம்புல போடச் சொன்னாங்க, எண்ணிக்கை மளமளன்னு எறங்கிருச்சு. ரப்பர் மரத்துக்கு நடுவுல வளந்தவன் நான், நம்ம மரத்து ரப்பர்தான் அதுன்னு சொல்ல வரல, ஆனா இந்தக் கதைய முதல் தடவை படிச்சப்பம் எனக்கு ஒண்ணு நல்லாப் புரிஞ்சுது. ஆபத்து புரதத்துக்குள்ள மட்டும் இருக்குறதா நெனச்சுப் பாத்தா பாதிய விட்டுருவோம். அது அடைக்குற மூடியில இருக்கு, போடுற வழியில இருக்கு, சேத்து வைக்குற எடத்துல இருக்கு, வாங்கிக்குற ஆளோட ஊர்ல கூட இருக்கு. செட்டுக்சிமாப்னு ஒரு கேன்சர் மருந்து, அமெரிக்காவுல டென்னசி, வட கரோலினா பக்கம் முதல் ஊசியிலயே ஆளுங்க மூச்சுத் திணறி விழுந்தாங்க, மத்த எடத்துல அவ்வளவு இல்ல. எலி செல்லுல செஞ்ச அந்த மருந்துல ஆல்ஃபா கேல்னு ஒரு சர்க்கரை ஒட்டியிருக்கு, அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு வகை உண்ணி கடிச்சுக் கடிச்சு அந்தச் சர்க்கரைக்கு எதிரா முன்னாடியே ஆன்டிபாடி இருந்துச்சு. அந்த ஆன்டிபாடி விசயம் 2008ல வெளிய வந்துச்சு, உண்ணிதான் காரணம்ங்குறது 2011ல. மருந்த எவ்வளவு சோதிச்சாலும் உண்ணி கடிச்ச கால எந்த லேப்பும் பாக்குறதில்ல.

ஸ்டீல் டப்பா

போன கிறிஸ்துமஸ் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். மரிச்சீனி அவிச்சு வச்சிருந்தா, மீன் கறி இருந்துச்சு, ஆனா தட்ட எடுத்து வைக்குறப்பம் ரெண்டு கையாலயும் தாங்கிப் புடிக்குறத பாத்துட்டேன். விரல் கணுவெல்லாம் வீங்கி பளபளன்னு நிக்கு. கேட்டா "பனி காலமில்லா, அதாக்கும்"ன்னு மழுப்புறா. அத்தான்தான் விசயத்தச் சொன்னார். ஊசி ரெண்டு மூணு மாசமா கேக்கல, விலை கொறஞ்ச பயோசிமிலர் பிராண்டுக்கு, அதாவது அதே மருந்த வேற கம்பெனி செய்யுறதுக்கு, மாத்துனதாலதான், அது டூப்ளிகேட்டாக்கும்னு அவருக்கு உறுதி. அம்மாவுக்கு சேனைக்கிழங்கு மேல சந்தேகம். திருவனந்தபுரம் டாக்டர்ட்ட போய் ரத்தம் எடுத்தோம், அடுத்த ஊசி போடுறதுக்கு முன்னாடி எடுக்கணும், அப்பம்தான் மருந்து எவ்வளவு தங்குதுன்னு தெரியும். வந்த ரிசல்ட்டுல மருந்து இல்லாத அளவுக்குக் கொறவு, ஆன்டிபாடி நல்லா ஏறி நிக்கு.

வீட்டுக்கு வந்து அவளுக்க மருந்து வைக்குற ஸ்டீல் டப்பாவ எறக்கிப் பாத்தேன். பழைய பிஸ்கட் டப்பா மாதிரி பெருசு, அதுல சீட்டும் பில்லும் பட்டையுமா கெடக்கு. ஃபோலிக் ஆசிட் பட்டையெல்லாம் காலி, ஒவ்வொரு குழியும் அமுக்கி எடுத்திருக்கு. மெத்தோட்ரெக்சேட் பட்டை ஒண்ணு மேல ஒண்ணா ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வச்சிருக்கு, ஒண்ணு கூட பொட்டிக்கல. துணை மருந்தத் தின்னிருக்கா, முக்கிய மருந்த விட்டிருக்கா. நான் அதக் கையில வச்சுக்கிட்டு நிக்குறதப் பாத்துட்டு அவளே சொன்னா. "ஊசி போட்டு நல்லா கொறஞ்சு கெடக்கு, பின்ன என்னத்துக்கு அந்தக் குளிகை? மேல வீட்டு மாமி சொன்னாவ, அது கேன்சருக்கு குடுக்க மருந்தாக்கும், முடி கொட்டும்னு. தின்ன மறுநாள் பூரா எனக்கு ஓக்காளம் வேற. மத்தது வைட்டமின் தானே, அத விடல."

அவ சொன்னதுல ஒரு வார்த்தை கூட முட்டாள்தனம் கிடையாது. கேன்சருக்குக் குடுக்குறதும் உண்மை, அங்க அளவு பல மடங்கு. முடி கொஞ்சம் கொட்டுறதும் உண்மை, ஓக்காளம் அவளுக்கு வந்தது. அந்தக் குளிகை மூட்டுக்குன்னுதான் அவகிட்ட சொல்லியிருக்காங்க, மூட்டுதான் சரியாயிட்டே. அது இன்னொரு வேலையும் பாக்குது, ஊசி மருந்துக்கு எதிரா உடம்பு ஆன்டிபாடி உண்டாக்குறத அடக்கி வைக்குதுன்னு அவகிட்ட யாரும் சொல்லல. இத்தனைக்கும் இது ரகசியமே இல்ல. நான் முன்னாடி சொன்ன அதே அமெரிக்க லேபிள்ல, அந்த 5 சதவீதத்துக்குக் கீழ அடுத்த வரியில இருக்கு, மெத்தோட்ரெக்சேட்டோட சேத்துப் போட்டவங்களுக்கு 1 சதவீதம், ஊசி மட்டும் தனியாப் போட்டவங்களுக்கு 12. ஒண்ணும் பன்னெண்டும். டெஸ்டு பழசா இருக்கலாம், நம்பர் இன்னைக்கு மாறியிருக்கலாம், ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரத்தப் பாருங்க. நோட்டீஸ்ல பொடி எழுத்துல, இங்கிலீஷ்ல, மடிச்சு மடிச்சு ஊசிப் பெட்டிக்குள்ள கெடக்கு. அதப் பிரிச்சுப் படிக்குற ஆள் கம்பெனி, அரசாங்கம், அப்புறம் எங்கள மாதிரி லேப்காரங்க.

அவளுக்கு ஆன்டிபாடி வந்தது இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல ஆளில்ல. குளிகை ஒழுங்காத் தின்னவங்களுக்கும் வருது, தின்னாதவங்க எத்தனையோ பேரு நல்லா இருக்காங்க. ஆனா எனக்கு வருமாங்குற கேள்விக்கு நான் அன்னைக்குத் தேடிக்கிட்டு இருந்த பதில் ஒரு நம்பரா இருக்கும்னு நெனச்சேன், அந்த டப்பாவப் பாத்தப்பம்தான் அது வேற மாதிரின்னு பட்டுச்சு. அக்கா, பாதி உனக்க பொறப்புல இருக்கு, அத மாத்த முடியாது, கால்வாசி கம்பெனிக்காரன் கையில, மிச்சம் இந்த டப்பாவுல இருக்கு. கணக்கு சரியான்னு கேக்காதீங்க, அளந்து சொல்லல, அவகிட்ட நான் சொன்னது இப்படித்தான். டாக்டர்ட்ட சொன்னப்பம் அவர் திட்டல, ஓக்காளத்துக்கு வழி இருக்குன்னார், அளவ மாத்திப் பாக்கலாம், குளிகைக்குப் பதிலா அதே மருந்த ஊசியாப் போடலாம், சிலருக்கு அதுல வயித்துத் தொந்தரவு கொறயும். வாரத்துல ஒரு நாள்தான், தெனமும் தின்னா உயிருக்கே ஆபத்துன்னு மறுபடியும் அழுத்திச் சொன்னார். ஊசிய எட்டனர்செப்டுக்கு மாத்துனார், அதுவும் டி.என்.எஃப்.ப அடக்குறதுதான், அதுக்கும் ஆன்டிபாடி வரும், ஆனா வர்றது பொதுவா மருந்தோட வேலையத் தடுக்குறதில்ல. அதாவது வருமாங்குறதுல பெரிய மாத்தம் இல்லாட்டியும், வந்தா என்ன போகும்ங்குறதுல பெரிய மாத்தம். கேக்காம போன ஒண்ணுல இருந்து மாறுறதுக்கு இன்னொண்ணு இருக்குங்குறதே எவ்வளவு பெரிய ஆறுதல்னு எரித்ரோபொய்டின் கதை தெரிஞ்சவனுக்குத்தான் புரியும்.

பயோசிமிலர் மேல அத்தான் போட்ட பழிய நான் ஒத்துக்கல. பிராண்டு மாத்துறதுக்கு முன்னாடியே குளிகை நின்னாச்சு. அதுபோக, விலை கொறஞ்சதாலதான் அவளால எட வெளி விடாம போட முடிஞ்சுது. இந்த எட வெளிதான் நம்ம ஊர்ல பெரிய வில்லன். கையில காசு இருக்குறப்பம் போடுறது, சுகம் கண்டா ரெண்டு மாசம் விடுறது, வலி வந்தா மறுபடி போடுறது. 2003ல, டி.என்.எஃப்.ப அடக்குற இன்னொரு மருந்தான இன்ஃப்ளிக்சிமாப்ப அப்படி நோய் தலைதூக்குறப்பம் மட்டும் வாங்கிக்கிட்ட குடல் நோயாளிகள்ல 61 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி வந்ததா ஒரு ஆராய்ச்சி சொல்லிச்சு. விட்டு விட்டுக் குடுக்குறது தடுப்பூசி போடுற முறை, உடம்புக்கு ஒரு பொருள அறிமுகப்படுத்தி, மறக்க விட்டு, மறுபடி ஞாபகப்படுத்துறது.

ஃபிரிட்ஜ் வரைக்கும்

நாகர்கோவில் மெடிக்கல்ல வாங்கி, தெர்மோகோல் பெட்டியில ஐஸ் பேக்கோட பஸ்ஸுல அருமனை வரைக்கும் கொண்டு வர்றது அத்தான்தான். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவுல வைக்கணும்னு அவருக்குத் தெரியும், அதனால இன்னும் பத்திரம்னு நெனச்சு ஃப்ரீசருக்குப் பக்கத்துலயே வச்சிருந்தார். உறைஞ்சு உருகுனா புரதம் உருக்கொலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அவருக்கு இத ஒட்டுப்பால்னு சொன்னதும் உடனே புரிஞ்சுது, சிரட்டையில ஓடுற பாலு வெட்டுத் தடத்துலயே கட்டிப் போனா அது திரும்பப் பாலா ஆகாது. என்ன வித்தியாசம்னா ஒட்டுப்பால் கண்ணுக்குத் தெரியும், ஊசிக்குள்ள ஒட்டுனது அநேகமா தெரியாது, தெளிஞ்ச தண்ணி மாதிரிதான் நிக்கும். இப்படி ஒட்டிக் கூட்டமா நிக்குற புரதத்தப் பாத்தாதான் இம்யூன் சிஸ்டம் ரொம்ப உசாராகும், கிருமியும் அப்படித்தான் வரிசையா ஒரே புரதத்தக் காட்டிக்கிட்டு வரும். 2017 நவம்பர் 30ல ஒக்கி புயல் அடிச்சப்பம் நம்ம பக்கம் பல ஊர்ல நாள் கணக்கா கரண்டு இல்ல, ரப்பர் மரம் முறிஞ்சு ரோட்டுக்குக் குறுக்க கெடந்துச்சு, வீட்டு வீட்டுக்கு ஃபிரிட்ஜுல இன்சுலின் கெடந்துச்சு. அதுல எத்தனை பேரு அதயே திரும்ப எடுத்துப் போட்டாங்கன்னு யாரும் கேக்கல. மருந்து கம்பெனி லாரியில ஏத்துற வரைக்கும் நிமிசத்துக்கு நிமிசம் வெப்பநிலை பதிவாகுது, கடையில எறங்குன பெறகு கொறயுது, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஒண்ணுமே இல்ல.

அத்தானுக்க கேள்வி

ஃபிரிட்ஜ் பேச்சு முடிஞ்சதும் அத்தான் சும்மா இருக்கல. "அப்பம் பாம்பு கடிச்சா போடுக ஊசியும் புரதமாக்குமா?" இருட்டோட எழும்பி, நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு, சருகு மேல நடந்து பால் வெட்டுற ஆளுக்கு இது வெறும் சந்தேகம் கிடையாது. ஆமா, அது குதிரைக்கு விஷத்தக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி அதோட ரத்தத்துல இருந்து எடுக்குற ஆன்டிபாடி. குதிரைப் புரதம், மனுசனுக்கு முழு அந்நியம். ஏத்தின கொஞ்ச நேரத்துலயே தடிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல் வரலாம், ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு காய்ச்சலும் மூட்டு வலியும் வரலாம், அந்த ரெண்டாவதுக்கு சீரம் சிக்னெஸ்னு பேரு, 1905லயே வான் பிர்க்கேயும் ஷிக்கும் குதிரை சீரம் போட்ட பிள்ளைகளப் பாத்து எழுதி வச்சது. வரும்னு தெரிஞ்சேதான் போடுறாங்க, ஏன்னா போடாட்டிப் போறது உயிரு. தோல்ல சொட்டு விட்டு டெஸ்ட் பண்ணிப் பாக்குறது பழைய வழக்கம், அது யாருக்கு வரும்னு முன்கூட்டி சொல்லாது, அதனால வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியாச்சு. அதுக்குப் பதிலா ரியாக்ஷன அடக்குற அட்ரினலினக் கையில எடுத்து வச்சுக்கிட்டு ஆரம்பிப்பாங்க. இலங்கையில ஆயிரம் பேருக்கு மேல வச்சு நடத்தி 2011ல வெளியான ஆராய்ச்சியில, ஊசிக்கு முன்னாடியே சின்ன அளவு அட்ரினலின் போட்டதுல கடுமையான ரியாக்ஷன் முதல் ஒரு மணி நேரத்துல 43 சதவீதம் கொறஞ்சுது, வழக்கமாப் போடுற ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெதசினும் பலன் தரல. நோயாளிட்டயும் கூட வந்தவங்கள்ட்டயும் நர்ஸ் வாய்விட்டுச் சொல்லுவாங்க, இது போட்டா நடுக்கம் வரும், வந்தா உடனே கூப்பிடுங்கன்னு. அக்காவுக்கு விலை கூடுன ஊசியில கெடைக்காத பேச்சு, பாம்புக்கடி வார்டுல கெடைக்குது.

ஆனா அத்தான் நல்லாக் கேட்டுக்கிட வேண்டியது இதுக்கப்புறம்தான். இந்தியாவுல கெடைக்குற விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்குத்தான், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மலையடிவார ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள்ள மூக்கு நுனி மேல தூக்கி நிக்குற சின்னக் குழிவிரியன் ஒண்ணு உண்டு, கேரளத்துலயும் இலங்கையிலயும் நெறய பேரக் கடிக்குறது அது. அதோட விஷத்துக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அது கடிச்சவருக்குக் குப்பி குப்பியா ஏத்துனா குதிரைப் புரதத்தோட ஆபத்து முழுசும் அவருக்கு, பலன் ஒண்ணும் இல்ல. பெரும்பாலும் வீக்கத்தோட போயிரும், சிலருக்கு ரத்தம் உறையாம போகும், கிட்னி அடிபடும், டயாலிசிஸ் கூட வேண்டி வரலாம், அதப் பாத்துப் பாத்து சமாளிக்கணுமே தவிர முறிக்க மருந்து கிடையாது. அதனால பாம்ப அடிக்கப் போகாதீங்க, புடிக்கவும் போகாதீங்க, தூரத்துல நின்னு ஃபோன்ல ஒரு படம் எடுக்க முடிஞ்சா எடுங்க, முடியலன்னா விட்டுட்டு நேரா ஆசுத்திரிக்கு ஓடுங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேட்டார், "அந்தக் குட்டிப் பாம்புக்கும் ஒரு மருந்து செய்யப் பிடாதா?" செய்யலாம் அத்தான், செய்யத் தெரியாம ஒண்ணும் இல்ல, நம்ம தோட்டத்துல எத்தனை பேர அது கடிக்குதுன்னு முதல்ல யாராவது எண்ணணும்.